புழங்காத நாற்பத்தோரு அட்டைகள்

கடனுக்குத் துணி எடுக்கக் கொடுத்து, புழங்காமல் கிடக்கிற பற்று அட்டைகள் எல்லாம் என்றைக்காவது ஒரு நாள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் படை திரண்டு வந்து, கடையைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். சின்னப் பிள்ளையில் அல்ல. இருபத்தெட்டு வயதில், மீசை வைத்து, கல்யாணமும் முடித்து, சங்கரன்கோவிலில் பேர் சொல்லும் ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கப்பிள்ளையாக உட்கார்ந்துகொண்டு நம்பினேன்.

போன மாதம் கண்ணைக் காரணம் சொல்லி, ஐம்பத்திரண்டு வயதிலேயே வேலையை விட்டு இறங்கினேன். என் இடத்தில் இப்போது மாடசாமி உட்கார்ந்திருக்கிறார். நாலு நாள் முன்னால் வீட்டுக்கு வந்து, "அண்ணாச்சி, ரொம்ப நாளாப் புழங்காத அட்டை எக்கச்சக்கமாக் கெடக்கு. எதை முடிக்க, எதை வைக்க? ஒரு ரூலு சொல்லுங்களேன்" என்று கேட்டார்.

"மொதல்ல கறுப்பு மையை எடுத்து அலமாரில வச்சுப் பூட்டும்" என்றேன்.

மனுஷன் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டுப் போனார். கண்ணோடு சேர்த்து வேறு எதுவும் கெட்டுவிட்டதோ என்று நினைத்திருப்பார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கடையில் சேர்ந்தது யுத்த காலம். துணிக்குக் கட்டுப்பாடு. அலமாரியில் துணி இருந்ததைவிடத் தூசி அதிகம். முதல் வருஷம் கூட்டினேன், இரண்டாம் வருஷம் மடித்தேன், மூன்றாம் வருஷம் முழம் போட்டேன். என் முழம் எல்லாருடைய முழத்தையும்விட நாலு விரல் நீளம் என்று கண்டுபிடித்த முதலாளி, கடை தப்பிக்க வேண்டும் என்பதற்காகவே என்னைக் கணக்குக்கு மாற்றினார். தொழில் கற்ற கதை அவ்வளவுதான்.

முதலாளியை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும். ஒல்லி ஆள், சத்தமே போட மாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடும். "ஏலே" என்று கூப்பிட்டால் சந்தோஷமாக இருக்கிறார், தைரியமாக லீவு கேட்கலாம். "வே" என்றால் யோசனையில் இருக்கிறார். "தம்பி, வாங்க" என்றால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. "ஐயா" என்று கூப்பிட்டு ஒருவரைத்தான் நான் அதுவரை பார்த்திருந்தேன். அவர் அன்று சாயங்காலமே தன் செருப்பையும் குடையையும் எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை.

அட்டை என்றால் ரோஸ் நிறத்தில், உள்ளங்கை அகலத்தில், தடித்த காகிதம். முன்பக்கம் பேரும் ஊரும் நம்பரும். பின்பக்கம் கட்டம். துணி எடுத்தால் கட்டத்தில் எழுதி, பேரேட்டிலும் எழுதி, பருத்தி வித்ததும் கட்டிவிட்டுப் போவார்கள். உச்சவரம்பு முப்பது ரூபாய். வருஷத்துக்கு ஒரு தடவை ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது அட்டையைக் கொண்டுவந்து நீட்டினால், ஊதா மையில் வட்டச் சீல் ஒன்று வைப்போம். சீல் இல்லாத அட்டை செல்லாது.

கேட்டவருக்கெல்லாம் அட்டை கிடைக்காது. கடைசி அரையணாவுக்கும் மல்லுக்கட்டிப் பேரம் பேசுகிறவருக்குத்தான் முதலாளி அட்டை கொடுப்பார். "கடனைக் கட்டணும்னு நெனைக்கவந்தாம்லே வெலையைக் கொறைக்கச் சொல்லுவான். கட்டாதவனுக்கு வெலை எவ்வளவா இருந்தா என்ன?" என்பார். இதை வேதம் மாதிரி மனதில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் இதுவே என் காலை வாரியது.

ஒரு நாள் வேலை இல்லாமல் பேரேட்டைப் புரட்டினேன். கணக்கப்பிள்ளை சும்மா இருந்தால் இதுதான் ஆபத்து. இருநூறு அட்டையில் நாற்பத்தோரு அட்டை கொடுத்த நாளிலிருந்து ஒரு முழம் துணிகூட எடுக்கவில்லை. நாற்பத்தொன்றை முப்பதால் பெருக்கினேன். ஆயிரத்து இருநூற்று முப்பது. என் சம்பளம் மாதம் நாற்பது ரூபாய். மறுபடி ஒரு தடவை பெருக்கிப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, நாப்பத்தோரு அட்டை புழங்காமக் கெடக்கு."

"கெடக்கட்டும்லே. சோறா கேக்குது?"

"நாப்பத்தோரு பேரும் ஒண்ணா வந்து நின்னா என்ன செய்ய?"

"ஒண்ணா வரணும்னா நாப்பத்தோரு வீட்டுலயும் ஒரே நாள்ல விசேஷம் வரணும். அப்படி ஒரு நாள் இந்த ஊருல வந்ததே கெடையாதுலே. போய் வேலையப் பாரு."

நான் விடவில்லை. ஒரு மாதம் போகிற போதும் வருகிற போதும் நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று என்று காதில் ஓதினேன். கடைசியில் ஒரு நாள் பொடி டப்பாவை மூடிவிட்டுச் சொன்னார்: "சரி வே. நீரே பாத்து, எது வேண்டாமோ அதை மட்டும் முடியும். கார்டுல மரியாதையா எழுதிப் போடும்." ஏலேயிலிருந்து வேக்கு மாறிவிட்டார். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

அட்டைக்கணக்கை மூன்று கும்பலாகப் பிரித்தேன். முடிக்க, வைக்க, யோசிக்க. துணி அளக்கும் ஆவுடையப்பனைத் துணைக்குக் கூப்பிட்டேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். வாயில் வெற்றிலையும் கையில் கெஜக்கோலும் இல்லாமல் அவனைப் பார்க்க முடியாது.

"புளியங்குடி வாத்தியாரு?" என்றேன்.

"அவரு அட்டையப் பொஸ்தகத்துல அடையாளத்துக்கு வச்சிருக்காரு. முடிச்சா பாவம், எத்தனாம் பக்கம்னு தெரியாமப் போயிரும்."

வைக்க. மறுநாள் எனக்குப் பயம் வந்து, வாத்தியாரை யோசிக்கக் கும்பலுக்கு மாற்றினேன். அதற்கு மறுநாள் முடிக்கக் கும்பலுக்கு. மூன்றாம் நாள் பார்த்தால், வைக்கக் கும்பலில் ஒரே ஒரு ஆள் மிச்சம் இருந்தார். நம்பர் இருபத்தேழு. சுடலைமுத்து. திருவேங்கடத்துப் பக்கம் கரிசல் கிராமத்தில் ஆடு மேய்க்கிறவர்.

அவர் விஷயம்தான் கஷ்டமான விஷயம். ஏழு வருஷமாக ஒரு துண்டு வாங்கியதில்லை. ஆனால் ஆடித்தபசு தவறாமல் வருவார். தலைப்பாகையை அவிழ்ப்பார். உள்ளே ஒரு மூங்கில் குழாய், குழாய்க்குள் சுருட்டி வைத்த அட்டை. கசங்காமல் எடுத்து, இரண்டு கையாலும் நீட்டி, "சீலை நல்லா அழுத்தி வையுங்க அண்ணாச்சி" என்பார். வைத்ததும் ஊதி ஊதிக் காயவைத்து, மறுபடி குழாய்க்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

"ஏழு வருஷமா மைதான் வே செலவு" என்றேன்.

"மை என்ன வெலை?" என்றான் ஆவுடையப்பன். "மனுசன் நடந்து வாரான், வெயில்ல. எதுக்கோ வாரான்லா? என்னன்னு கேட்டுட்டு முடியும்."

"கேட்டா அவரு துணி எடுத்திருவாரே!"

"ஏ வே, இது ஜவுளிக்கடைல்லா?"

அவன் கேட்டது நியாயம்தான். ஆனால் அன்று எனக்குப் பயம்தான் முதலாளி. இருபத்தேழையும் முடிக்கக் கும்பலில் போட்டேன். ஆக நாற்பத்தொன்றும் காலி. எது வேண்டாமோ அதை மட்டும் என்று அண்ணாச்சி சொன்னதில் 'மட்டும்' என்பதை நான் மட்டும் கேட்கவில்லை.

நாற்பத்தோரு தபால் கார்டு வாங்கி, 'தங்கள் அட்டை புழக்கத்தில் இல்லாதபடியால் முடிக்கப்பட்டது' என்று அழகான கையெழுத்தில் எழுதி, தலைப்பில் கடைச் சீலும் வைத்தேன். இனி எண்ணிக்கை. எங்கள் தொழிலில் மில்லிலிருந்து பேல் கட்டு வந்தால், துணிகளை அடுக்கி, விளிம்பின் மேல் கறுப்பு மையை ஒரு இழுப்பு இழுப்போம். நடுவிலிருந்து ஒன்றை உருவினால் கோடு விட்டுப்போகும், திருட்டு தெரிந்துவிடும். கார்டுகளையும் செங்கல் மாதிரி அடுக்கிக் கட்டி, ஒரு இழுப்பு இழுத்தேன். ஒரு பக்கம் போதும்தான். ஆனால் பயந்தவனுக்கு ஒரு பக்கம் போதுமா? நாலு பக்கமும் இழுத்தேன். கார்டு ஊறுகிற காகிதம். மை விளிம்போடு நிற்காமல் உள்ளே அரை விரல் அகலத்துக்கு இறங்கி, அச்சாபீஸில் கொடுத்து அடித்த மாதிரி ஒவ்வொரு கார்டையும் சுற்றிக் கறுப்புக் கரை.

நம் பக்கத்தில் கல்யாணக் கடிதாசிக்கு மூலையில் மஞ்சள் தடவுவோம். கறுப்பு எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். எனக்கும் தெரியும். தெரிந்தும் என் கண்ணுக்கு அது கணக்குக் கோடாகவே தெரிந்தது. சாயங்காலத் தபாலில் நானே கொண்டுபோய்ப் போட்டேன். ஆவுடையப்பன் பார்த்திருந்தால் தபாலாபீஸ் வாசலிலேயே என் தலையில் ஒன்று போட்டிருப்பான்.

இரண்டு நாள் கழித்து முதலாளி கடையநல்லூருக்குப் போயிருந்தார். தறிக்காரர்களிடம் லுங்கி பேசிவிட்டு மத்தியானப் பஸ்ஸில் வருவார். காலையில் நானும் ஆவுடையப்பனும் கடை திறந்தோம்.

ஒன்பதரை இருக்கும். ஒரு பெரியவர் வந்தார். கண் சிவந்திருந்தது. ரோஸ் அட்டையை எடுத்து வைத்தார். "எட்டு முழ வேட்டி ஒண்ணு. நல்லதா."

நம்பர் பார்த்தேன். புழங்காத நாற்பத்தொன்றில் ஒன்று. முந்தாநாள்தான் முடித்து எழுதினேன்! இன்று கோபமாக வந்து துணி கேட்கிறார்.

அட்டை முடிந்துவிட்டது என்று முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லாமல் விலை சொன்னேன். பேரமே பேசவில்லை. தலையை ஆட்டினார். மடிப்பைக் கலைக்காமல் வாங்கி, வருகிறேன் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கி, எதிர்ச்சாரி வேப்பமரத்தடியில் போய்க் கடையைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார்.

அடுத்தவர். சிவந்த கண். ரோஸ் அட்டை. எட்டு முழ வேட்டி. பேரம் இல்லை. வேப்பமரத்தடி.

நாலாவது ஆளுக்கு எழுதிவிட்டு நம்பரை இரண்டு தடவை சரிபார்த்தேன். அரையணாவுக்கு அரை மணி நேரம் கத்துகிற ஆட்கள் பேரம் பேசவில்லை என்றால் என்ன அர்த்தம்? கட்டப்போவதில்லை என்று அர்த்தம்! அண்ணாச்சி வாக்கே அதுதானே. பத்தானது. பதினைந்தானது. கார்டு கண்ட கோபத்தில் எல்லாரும் சேர்ந்து கிளம்பிவிட்டார்கள். நான் நினைத்தது நடந்துவிட்டது. நல்ல ரக வேட்டிக் கட்டை மெதுவாகக் கீழே இறக்கி அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"என்னவே, முட்டையா இடுதீரு? எந்திரியும், வேட்டி வேணும்" என்றான் ஆவுடையப்பன்.

"மெதுவா அள வே."

"வேட்டிய என்னத்த அளக்க? மடிச்சது மடிச்சபடி கேக்கான். எனக்கு என்னமோ துட்டிக்குக் கோடி எடுக்குத மாதிரி இருக்கு வே. மூஞ்சியப் பாத்தீரா?"

"ஒரே நாள்ல பதினஞ்சு வீட்டுல சாவா? கூறுகெட்டுப் பேசாதேயும்!"

துட்டி என்றால் சாவு. கோடி என்று அவன் சொன்னது இறந்தவருக்குப் போர்த்துகிற புதுத்துணியை. அதை வாங்கும்போது யாருக்கு என்று சொல்ல மாட்டார்கள், விலை பேச மாட்டார்கள், வாறேன் என்று விடை சொல்ல மாட்டார்கள். மூன்றும் எனக்கு அத்துப்படி. ஆனால் அந்த நேரம் எனக்குத் தெரிந்ததெல்லாம் புளியங்குடியில் இருக்கும் என் மாமனாரின் எலுமிச்சைத் தோட்டம்தான். வேலை போனால் அங்கேதான் போய் அவர் ஏச்சைக் கேட்டுக்கொண்டு தண்ணீர் பாய்ச்ச வேண்டும். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. 'கணக்கு மாப்பிள்ளை' என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

மரத்தடியில் கூட்டம் பெருத்தது. எல்லார் கையிலும் எங்கள் கடை வேட்டி. எல்லார் கண்ணும் எங்கள் கடை மேல். பாதிக் கதவைச் சாத்தினேன்.

அப்போதுதான் சுடலைமுத்து வந்தார். தலைப்பாகை இல்லை. துண்டை எடுத்து முக்காடாகப் போட்டிருந்தார். மூங்கில் குழாய் கையில் இருந்தது. சாத்தின கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர், முதலாளி உட்காரும் மெத்தை காலியாகக் கிடப்பதைப் பார்த்தார். அப்படியே மார்பில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"போயிட்டீரே அண்ணாச்சி! என்னையும் ஒரு மனுசன்னு நம்பி அட்டை குடுத்த ராசா, போயிட்டீரே!"

"யாரு வே போனது?" என்றேன்.

"என்னய்யா இப்படிக் கேக்கீரு? நீருதானே கார்டு போட்டீரு!"

சாவு சொல்லும் கறுப்புக் கடிதாசியை யாரும் வீட்டுக்குள் வாங்க மாட்டார்கள். வாசலிலேயே பார்த்துக் கிழித்துப் போடுவார்கள். மேலே கடைச் சீல், சுற்றிக் கறுப்பு. அதற்குமேல் படிக்க என்ன இருக்கிறது? எல்லாரும் கிழித்துப் போட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிட்டார்கள். சுடலைமுத்து மட்டும் கிழிக்கவில்லை. "சீலு இருக்குத காயிதத்த நான் கிழிக்க மாட்டேன்" என்று குழாய்க்குள்ளிருந்து கார்டை எடுத்து நீட்டினார். என் அழகான கையெழுத்து. என் கறுப்புக் கரை.

ஆவுடையப்பன் கார்டை வாங்கிப் பார்த்தான். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான். "வே சங்கரலிங்கம், முதலாளியக் கொன்னுட்டீரே வே!"

அந்த நேரம் பார்த்துப் பஸ் வந்து நின்றது. குடையை விரித்துக்கொண்டு முதலாளி இறங்கினார். மரத்தடியில் முப்பது பேர் எழுந்து நின்றார்கள். ஒரு அம்மாள் ஓலம் போட வாயைத் திறந்தவள் திறந்தபடி நின்றாள். அண்ணாச்சி இது ஏதோ கூட்டம் என்று நினைத்து, எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே நடந்து வந்தார். முதலில் வேட்டி எடுத்த பெரியவர் கிட்டே போய் அவர் கையைக் கிள்ளிப் பார்த்தார்.

மெத்தையில் உட்கார்ந்து விவரம் முழுக்கக் கேட்டார். கார்டை வாங்கி நாலு விளிம்பையும் பார்த்தார்.

"இதுல கறுப்பு பூசினது யாரு?"

"நான்தான்."

"எதுக்கு?"

"ஒண்ணும் காணாமப் போயிரக் கூடாதுன்னுட்டு..."

"ஒண்ணும் காணாமப் போகல்ல, ஐயா. எல்லாரும் ஒழுங்கா வந்து சேந்திருக்காங்க."

ஐயா! நான் என் குடை எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.

இதற்குள் ஆவுடையப்பன் கார்டில் எழுதியிருப்பது என்ன என்று சுடலைமுத்துவுக்குப் படித்துச் சொல்லியிருந்தான். அவர் முகம் மாறிவிட்டது. "அப்போ அண்ணாச்சி நல்லா இருக்காரு, என் அட்டைதான் செத்துப் போச்சா?" என்றார்.

மூங்கில் குழாயைத் தடவிக்கொண்டே அவரே தொடர்ந்தார்.

"நான் துணி எடுக்கல்லதான். எனக்கு எதுக்கு அண்ணாச்சி அவ்வளவு துணி? ஆடு பத்திக்கிட்டு அசலூருக்குப் போவேன். அங்கன எவனுக்காவது ஆடு காணாமப் போனா மொதல்ல என்னத்தான் புடிச்சு மரத்துல கட்டுவான். இந்தச் சீலக் காட்டுவேன். 'சங்கரன்கோவில் கடையில முப்பது ரூவாக்கு நம்புதாங்க, நீ ஒரு குட்டிக்கு நம்ப மாட்டியாடே'ன்னு கேப்பேன். அவுத்து விட்டுட்டு மோரு குடுப்பான். ஏழு வருசமா இதுதான் எனக்குக் காவலு."

முதலாளி என்னைப் பார்க்கவே இல்லை. சீலை எடுத்து, மையில் ஒற்றி, அவர் அட்டையில் நன்றாக அழுத்தி வைத்தார். அவரே ஊதிக் காயவைத்துக் கொடுத்தார்.

இனி வேட்டிகள். முப்பத்து நாலு வேட்டி போயிருந்தது. கோடியென்று எடுத்ததை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். அதைத் திரும்ப அலமாரியில் வைக்க ஆவுடையப்பனும் சம்மதிக்கவில்லை. என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்து மூடிக்கொண்டேன்.

முதலாளி முதல் பெரியவரைக் கூப்பிட்டார். "அதை இங்கன கொண்டாரும். எந்தோள்ல போடும்."

"அண்ணாச்சி, அது கோடி..."

"செத்தவனுக்குப் போட்டாத்தாம்வே கோடி. உசிரோட உக்காந்திருக்கவனுக்குப் போட்டா மரியாதை. போடும்."

அவர் போட்டார். அப்புறம் வரிசை நின்றது. பன்னிரண்டாவது வேட்டிக்கு மேல் அண்ணாச்சியின் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. ஒவ்வொரு வேட்டியையும் விரலால் நெருடிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒருத்தராவது மட்ட ரகம் எடுத்திருக்கீரான்னு பாத்தேன். எல்லாம் முதல் ரகம்லா" என்று வேட்டிக் குவியலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

ஒரு பெரியவர் மட்டும் போட்டுவிட்டு நகராமல் நின்றார். "அண்ணாச்சி, தப்பா நெனைக்கக் கூடாது. நெசமாவே அந்த நாளு வந்தா இன்னொண்ணு எடுக்கணுமா, இதுவே போதுமா?"

"போதும்லே போதும்!" என்று முதலாளி சிரித்தார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் என் பக்கம் திரும்பியதும் நிறுத்திக்கொண்டேன்.

"தம்பி, எல்லாருக்கும் காபி வாங்கிட்டு வாங்க" என்றார்.

ஐயாவிலிருந்து தம்பிக்கு இறங்கிவிட்டேன். காபிக் கடைக்கு ஓடினேன்.

என் வேலை போகவில்லை. அட்டை ஒன்றும் முடிக்கப்படவில்லை. பருத்தி வித்ததும் முப்பத்து நாலு பேரும் வந்து கட்டினார்கள். அப்போது மட்டும் அரையணாவுக்குப் பேரம் பேசினார்கள். முதலாளி அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தார். அத்தனை வருஷமும் அந்த வேட்டிகளையே கட்டினார்.